இந்தியன் தாத்தாவும் தர்மபுரி ரசிகர்களும்: 1996-ல் கிடைத்த கைதட்டல் 2024-ல் ஏன் கிடைக்கவில்லை

அதே இயக்குநர் ஷங்கர், அதே நடிகர் கமல்ஹாசன், அதே வர்மக்கலை. 1996 மே 9 அன்று வெளிவந்த ‘இந்தியன்’ படத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஊர்கள்தான், 2024 ஜூலை 12 அன்று வந்த ‘இந்தியன் 2’ படத்தின் நடுவிலேயே செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தன. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் அதே கதைதான். முதல் படத்தில், லஞ்சம் வாங்குகிறவர்களைக் கொல்லும் கிழவர் சேனாபதி கத்தியை எடுத்தால் விசில் பறந்தது. இரண்டாவதில் அவர் தண்டனை கொடுக்கும் காட்சிகளிலேயே சிரிப்பு வந்தது. கோபத்தை நம்பி எடுத்த ஒரு படத்துக்கு இதைவிட மோசமான வரவேற்பு இல்லை.

இதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். வசனம் எழுதிய சுஜாதா 2008-ல் காலமாகிவிட்டார். ரஹ்மான் இசை இல்லை. படம் மூன்று மணி நேரம் ஓடியது, வெளியான சில நாட்களில் சுமார் 12 நிமிடங்களை வெட்டினார்கள். மூன்றாம் பாகத்துக்காகக் கதையைப் பிரித்துவிட்டார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இவை மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். நீளமான படங்களை நம் ஆட்கள் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள், சுமாரான பாட்டுள்ள படங்களையும் ஓட வைத்திருக்கிறார்கள். முதல் படத்தில் நாம் கைதட்டியது கத்திக்கு அல்ல என்பதுதான் என் எண்ணம். கத்திக்கு முன்னால் வந்த காத்திருப்புக்குக் கைதட்டினோம். தாலுகா ஆபிஸ் பெஞ்சு, ஆஸ்பத்திரி வராண்டா, ஆர்டிஓ ஆபிஸ் வாசல், இவையெல்லாம் திரையில் வந்தபோது இது நம்ம கதை என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியது. இரண்டாம் பாகத்தில் கத்தி இருந்தது, காத்திருப்பு இல்லை.

முதலில் 1996 மே மாதத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை. 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. பர்கூர் அன்றைய தர்மபுரி மாவட்டத்துத் தொகுதி. 1991-ல் அங்கே வென்று முதல்வரான ஜெயலலிதா, 1996-ல் அதே பர்கூரில் திமுகவின் இ.ஜி. சுகவனத்திடம் தோற்றார். முதல்வர் ஒருவர் சொந்தத் தொகுதியிலேயே தோற்பது சாதாரண விஷயமா? ஊழல் புகார்கள்தான் அந்தத் தேர்தல் முழுக்கப் பேச்சாக இருந்தன. தேர்தல் முடிவு வந்த அந்த வாரத்தையொட்டித்தான் படமும் தியேட்டருக்கு வந்தது. இப்படிப் பொருந்தி வந்ததை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஓட்டுப் போட்ட மை நகத்தில் அழியாமல் இருந்த நேரத்தில், லஞ்சம் வாங்கியவனை ஒரு கிழவர் குத்துகிறார் என்று கேள்விப்பட்டால் இந்த மாவட்டத்துக்காரர்கள் போகாமல் இருப்பார்களா?

தேர்தல் சூடு இரண்டு வாரம் தாங்கும். படம் இருபத்தெட்டு வருடம் தாங்கியதற்குக் காரணம் வேறு.

‘இந்தியன்’ கதையின் முடிச்சு ஒரு பிரேக்கில் இருக்கிறது. சேனாபதியின் மகன் சந்துரு முதலில் ஆர்டிஓ ஆபிஸ் வாசலில் நிற்கும் புரோக்கர். அப்புறம் பணம் கொடுத்து பிரேக் இன்ஸ்பெக்டர் வேலை வாங்குகிறான். பிரேக் சரியில்லாத ஒரு பேருந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு எஃப்சி, அதாவது சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று, கொடுக்கிறான். அந்தப் பேருந்து கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் சாகிறார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு திருப்பம். தர்மபுரிக்காரர்களுக்கு இது தொப்பூர்.

தொப்பூர் கணவாய் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை, தொப்பூரில் மலை இறக்கத்தில் இறங்குகிறது. வளைவும் இறக்கமும் சேர்ந்த சாலை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை விடுகிறவர்கள் உண்டு. கனத்த லோடோடு வரும் லாரிக்கு அந்த இறக்கத்தில் பிரேக்கைத் தவிர வேறு துணை இல்லை. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் போகும். அதற்குப் பிறகு முன்னால் போகிற கார், பின்னால் வருகிற பைக் என்று எதுவும் தப்பாது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே நடந்த விபத்துகளின் வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. அங்கே இருக்கும் இரட்டைப் பாலம் என்று சொன்னாலே இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் குரல் மாறும்.

அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளுக்கும் எஃப்சி உண்டு. எஃப்சிக்கு வண்டி நிற்கிறது என்றால் என்னவென்று லாரி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பட்டறையில் டிங்கரிங், பெயின்ட், பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர், நம்பரைப் புதிதாக எழுதுவது, எல்லாம் முடித்து வண்டியைக் கழுவி மைதானத்துக்குக் கொண்டு போவார்கள். அன்று ஒரு நாள் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். ஆனால் பெயின்ட் கண்ணுக்குத் தெரியும், பிரேக் லைனிங் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் ஒருவர் ஏறி உட்கார்ந்து ஓட்டி, மிதித்துப் பார்க்க வேண்டும். அந்த மிதியைத் தவிர்ப்பதற்குத்தான் படத்தில் சந்துரு காசு வாங்குகிறான். லஞ்சத்தை இவ்வளவு சின்னதாக, ஒரு காலால் மிதிக்க வேண்டிய இடத்தில் மிதிக்காமல் விடுவதாகக் காட்டிய தமிழ்ப்படம் அதற்கு முன்பு எனக்குத் தெரிந்து இல்லை. அந்த ஆபிஸில் கவுண்டமணியும் செந்திலும் செய்யும் காமெடிக்கு வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்த அதே ஜனம், பேருந்து கவிழும்போது பேச்சில்லாமல் உட்கார்ந்தது. சிரித்த விஷயமும் அழுத விஷயமும் ஒன்றுதான் என்பதைப் படம் சொல்லாமல் சொன்னது.

பதினாறு வருடம் கழித்து 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி கீழே விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். அப்போது டீக்கடைகளில் முதலில் வந்த பேச்சு ‘இந்தியன்’ படம்தான். அந்த வருடமே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது கோடை விடுமுறையில் மாவட்டந்தோறும் மைதானத்தில் மஞ்சள் பேருந்துகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள், அவசர வழியைத் திறந்து பார்க்கிறார்கள், முதலுதவிப் பெட்டியைப் பார்க்கிறார்கள். படத்தால் வந்த மாற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு படம் செய்திக்கு முன்னாலேயே மக்கள் மனத்தில் அந்தச் செய்திக்கு இடம் போட்டு வைத்திருந்தது என்றுதான் சொல்கிறேன்.

கஸ்தூரி நடித்த மகள் பாத்திரமும் அப்படித்தான். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், மருத்துவர் பணம் கேட்கிறார், அப்பா லஞ்சம் தர மாட்டேன் என்கிறார், மகள் போய்விடுகிறாள். சேனாபதி கொலைகாரராக மாறுவதற்கான காரணம் இது. இந்தக் காட்சியைப் பார்த்த பெண்களில் பலர் மருத்துவர் மேல் எவ்வளவு கோபப்பட்டார்களோ அவ்வளவு கோபம் அப்பா மேலும் பட்டார்கள். கேட்ட காசைத் தூக்கிப் போட்டுப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கக் கூடாதா என்ற கேள்வி இன்றைக்கும் படம் டிவியில் ஓடும்போது வீட்டில் வரும். பிரசவ வார்டில் ஆண் குழந்தை என்றால் இவ்வளவு, பெண் குழந்தை என்றால் அதில் கொஞ்சம் குறைச்சல் என்று கொடுத்துப் பழகிய ஜனம் அது. கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. குழந்தையைக் கையில் வாங்க வேண்டுமே என்று கொடுத்தார்கள். சேனாபதியின் பிடிவாதத்தை வியந்துகொண்டே, தன்னால் அப்படி இருக்க முடியாது என்றும் தெரிந்து பார்த்தார்கள். அந்த மருத்துவரை டிவி நேரலையில் கொல்லும் காட்சிக்கு வந்த கைதட்டலில் இந்த இயலாமையும் கலந்திருந்தது.

மனோரமா நடித்த குப்பம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு தரும் நிவாரணத் தொகையை வாங்குவதற்கே ஒவ்வொரு மேஜையிலும் அழ வேண்டியிருக்கும் கிழவி. ஆபிஸில் அவள் திட்டித் தீர்ப்பதை நம் பாட்டிகள் தங்கள் சார்பில் யாரோ பேசியதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வகைப் படங்களின் ஊற்று வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்வார்கள். ஓரளவு உண்மை. 1974-ல் சார்லஸ் பிரான்சன் நடித்த ‘டெத் விஷ்’ நியூயார்க்கில் ஒரு சாதாரண மனிதன் துப்பாக்கி எடுப்பதைக் காட்டியது. அது இந்தி வழியாகத் தமிழுக்கு வந்து 1985-ல் ரஜினியின் ‘நான் சிகப்பு மனிதன்’ ஆனது. இதில் ஒரு கிளைக்கதை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ‘டெத் விஷ்’ நாவலை எழுதிய பிரையன் கார்ஃபீல்டுக்குப் படம் பிடிக்கவில்லை. துப்பாக்கி எடுத்தவனைப் படம் நாயகனாக்கிவிட்டது என்பது அவருடைய வருத்தம். அதற்குப் பதில் சொல்லவே 1975-ல் நாவலின் அடுத்த பாகத்தை எழுதினார். சினிமாவோ அவர் கவலையைக் காதில் வாங்காமல் 1982, 1985, 1987, 1994 என்று வரிசையாகப் படங்கள் எடுத்தது. ஒவ்வொன்றிலும் துப்பாக்கி பெரிதானது, துக்கம் சிறிதானது. தண்டனை தரும் நாயகனுக்கு இரண்டாம் பாகம் எடுக்கும் யாருக்கும் இந்த ஆபத்து காத்திருக்கிறது.

அமெரிக்காவில் ‘தி பூண்டாக் செயின்ட்ஸ்’ என்று ஒரு படம். பாஸ்டனில் இருக்கும் இரண்டு சகோதரர்கள் ரவுடிகளைக் கொல்லக் கிளம்பும் கதை. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்ததால் அந்த நேரத்தில் இதைத் திரையிட யாரும் முன்வரவில்லை. 2000 ஜனவரியில் ஐந்தே தியேட்டர்களில் வந்து போனது. விமர்சகர்கள் தூக்கி எறிந்தார்கள். ஆனால் வீடியோ கேசட்டிலும் டிவிடியிலும் வாய்மொழியாகப் பரவி, இளைஞர்கள் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குப் போனது. 2009-ல் இரண்டாம் பாகம் வந்தபோது காத்திருந்த ரசிகர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். பழைய ஆட்களைத் திரும்பப் பார்த்ததே போதும் என்றவர்கள் ஒரு பக்கம், முதல் படத்தையே திருப்பி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றவர்கள் இன்னொரு பக்கம்.

‘இந்தியன்’ தியேட்டரிலேயே பெரிய வெற்றி பெற்ற படம், சிறந்த நடிகர் உட்பட மூன்று தேசிய விருதுகள் வாங்கிய படம், அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம். அந்த வகையில் இரண்டையும் ஒன்றாகப் பேச முடியாது. ஆனால் மனத்தில் தங்கிய விதம் ஒன்றுதான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்கும் எழவு வீட்டு ராத்திரிக்கும் டிவி, டெக் வாடகைக்கு எடுப்பார்கள். ராத்திரி முழுக்க மூன்று படம் ஓடும். விடியற்காலையில் தூக்கத்தை விரட்டுவதற்கென்று போடுகிற படங்களில் ‘இந்தியன்’ ஒன்று. அப்புறம் கேபிள் டிவி, அப்புறம் சிடி. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ 1996-ல் பிறக்காத பையன்கூட சேனாபதியின் விரல் மடக்கலைச் செய்து காட்டுவான். இப்படி இருபத்தெட்டு வருடம் வீட்டுக்குள் புழங்கிய படம் இயக்குநருடையது மட்டும் இல்லை. பார்த்தவர்களும் பங்குதாரர்கள். இரண்டாம் பாகம் வரும்போது அவர்கள் ரசிகர்களாக மட்டும் வரவில்லை, கணக்குக் கேட்கவும் வந்தார்கள்.

தண்டனை தரும் நாயகன் மேல் இந்த மாவட்டத்துக்கு இருக்கும் ஈர்ப்புக்கு இன்னும் ஆழமான காரணம் உண்டு. மலைகளில் நடமாடிய ஒருவரின் கதையை வைத்து 1983-ல் வந்த ‘மலையூர் மம்பட்டியான்’ இந்தப் பக்கம் ஓடிய ஓட்டத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆனால் சினிமாவை விட்டுவிட்டு வாச்சாத்தியைப் பாருங்கள். அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைக்கூட விட்டு வைக்கவில்லை. 1995-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. முப்பத்தொரு வருடம்.

‘இந்தியன்’ தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோது வாச்சாத்தி வழக்கு நடந்துகொண்டிருந்தது. படத்தில் சிபிஐ அதிகாரி சேனாபதியைத் துரத்துகிறார். நெடுமுடி வேணு நடித்த கிருஷ்ணசாமி. நிஜத்தில் இங்கே சிபிஐ விசாரணைக்காகத்தான் ஜனங்கள் போராட வேண்டியிருந்தது. கத்தி எடுத்தால் ஒரு நொடியில் முடிகிற நியாயத்தைத் திரையில் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பஸ் ஏறி, கோர்ட் வாசலில் உட்கார்ந்து, வாய்தா வாங்கித் திரும்பும் நியாயம் காத்திருந்தது. வாச்சாத்திப் பெண்கள் கத்தி எடுக்கவில்லை. சாட்சி சொல்ல வந்தார்கள், திரும்பத் திரும்ப வந்தார்கள், ஜெயித்தார்கள். எந்த நாயகனைவிடவும் பெரிய காரியம் அது. ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியிருந்த ஒரு மாவட்டத்தில், காத்திருக்காத கிழவருக்கு விசில் அடித்தவர்களை நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

மறுபக்கமும் இங்கேயே இருக்கிறது. 2000 பிப்ரவரி 2 அன்று, ஒரு ஊழல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்ற செய்தி வந்ததும், தர்மபுரி இலக்கியம்பட்டியில் கட்சிக்காரர்கள் கல்லூரிப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே கருகினார்கள். தன் கோபம் நியாயமானது என்று நம்புகிறவன் கையில் நெருப்புக் கிடைத்தால் யார் சாவார்கள் என்பதை இந்த ஊர் தன் தெருவில் பார்த்தது. சினிமாவில் சேனாபதியின் கத்தி ஒருபோதும் ஆள் மாறிக் குத்தாது. அந்தச் சவுகரியம் வாழ்க்கையில் கிடையாது. ‘இந்தியன்’ போன்ற படங்களைப் பற்றி இங்கே பேசும்போது வயதானவர்கள் படம் வேற, வாழ்க்கை வேற என்று அழுத்திச் சொல்வது வெறும் பேச்சுக்காக இல்லை.

இப்போது 2024-க்கு வரலாம். படப்பிடிப்பு தொடங்கியது 2019-ல். 2020 பிப்ரவரியில் சென்னை அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். கொரோனா, வழக்கு என்று இழுத்து, விவேக், நெடுமுடி வேணு, மனோபாலா மூவரும் காலமான பிறகு படம் வந்தது. அவர்களைத் திரையில் பார்த்தபோது எழுந்த கைதட்டல் மட்டும்தான் முழு மனதோடு வந்தது என்று நினைக்கிறேன்.

சேனாபதி தைவானின் தைபேயிலிருந்து திரும்பி வருகிறார். நேதாஜியின் படையில் இருந்தவர் என்றால் கணக்குப்படி நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அவர் சண்டை போடுவதை நம்ப முடியவில்லை என்று கேலி செய்தார்கள். ஆனால் முதல் படத்தின் எழுபது வயசுக் கிழவர் இளைஞர்களை அடித்தபோது யாரும் கேட்கவில்லையே! நம்பிக்கை வயதில் இல்லை. அடி வாங்குகிறவன் யார் என்பதில் இருந்தது. முதல் படத்தில் அடி வாங்கியவனை நமக்குத் தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நம் மனுவை எடுக்காமல் பேப்பர் படித்தவன் அவன். இரண்டாவதில் அடி வாங்கியவர்கள் தங்கத்தால் இழைத்த மாளிகையில் இருக்கும் கோடீஸ்வரர்கள். வர்ம அடி வாங்கிக் குதிரை போல் ஓடிச் சாகிறார் ஒருவர். ஊத்தங்கரையிலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ படம் பார்க்க வந்தவருக்கு அந்தத் தங்க வீட்டுக்காரர் மேல் என்ன கோபம் இருக்க முடியும்? அந்த வீட்டுக்காரரை இவர் பார்த்ததே இல்லை. இவருடைய பட்டா மாறுதல் மனுவைக் கிடப்பில் போட்டவர் அந்த மாளிகையில் இல்லை.

இந்த நாட்டில் பெரிய ஊழல்தான் அதிகம் கெடுக்கிறது என்பது வாதத்துக்குச் சரி. கிரானைட் குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரியில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மலை காணாமல் போவதைத் திரையில் காட்ட வேண்டுமென்றால், அந்த மலையடியில் ஆடு மேய்த்தவரையும் வெடிச் சத்தத்தில் சுவர் விரிசல் விட்ட வீட்டையும் காட்ட வேண்டும். ‘இந்தியன் 2’ குற்றவாளியின் வீட்டைக் காட்டியது. பாதிக்கப்பட்டவரின் வீட்டில் போதுமான நேரம் உட்காரவில்லை.

இந்த இடைவெளியில் லஞ்சமும் உருமாறிவிட்டது. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. சாதி, வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், பட்டா, சிட்டாவுக்கு ஆன்லைன். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்த காலம் குறைந்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆன்லைனில் போட்ட மனு காரணம் சொல்லாமல் நிராகரிக்கப்படும். அப்புறம் யாரையோ போய்ப் பார்க்க வேண்டும். காசு கேட்கிறவர் முகமே இல்லாமல் இடையில் ஒரு ஆள், அவருக்கு ஒரு செல்போன் எண். 1996-ல் குத்துவதற்கு ஒரு ஆள் மேஜையில் உட்கார்ந்திருந்தான். இப்போது அந்த நாற்காலி காலி, வேலை மட்டும் நடக்கிறது. இந்த மாற்றத்தைப் பிடித்திருந்தால் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குச் சமமாக நின்றிருக்கும்.

லஞ்சம் பிடிபடும் விதமும் சினிமாவைவிட நுணுக்கமானது. மாவட்டச் செய்தியில் அடிக்கடி வரும், ரசாயனம் தடவிய நோட்டு. புகார் கொடுத்தவரின் பணத்தாள்களின் எண்களை லஞ்ச ஒழிப்புத்துறை எழுதி வைத்துக்கொண்டு, அவற்றில் பினாப்தலின் பவுடர் தடவும். வெள்ளைப் பவுடர், பார்த்தால் தெரியாது. கேட்டவர் அதை வாங்கி எண்ணிப் பையில் வைத்ததும் உள்ளே போவார்கள். ஒரு கிளாஸில் சோடியம் கார்பனேட் கரைசல். அதில் விரல்களை நனைக்கச் சொல்வார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். கையை நனைக்கும் அந்தச் சில நொடிகளில் இருக்கும் பதற்றத்துக்கு எந்த வர்ம அடியும் ஈடாகாது. புகார் கொடுக்க முன்வந்த அந்த ஒரு ஆளின் கதையை ஏன் யாரும் பெரிய படமாக எடுக்கவில்லை என்று எனக்கு நிஜமாகவே ஆதங்கம். அவர் அதே ஊரில்தான் இருக்க வேண்டும், அதே ஆபிஸுக்குத்தான் நாளைக்கும் போக வேண்டும்.

‘இந்தியன் 2’ முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அதில் ஒரு நல்ல விதை இருந்தது. ஊரைத் திருத்தும் முன் அவரவர் வீட்டைப் பாருங்கள் என்று சேனாபதி இளைஞர்களிடம் சொல்கிறார். சித்தார்த் நடித்த அரவிந்தன், லஞ்ச ஒழிப்புத்துறையில் இருக்கும் தன் அப்பாவே லஞ்சம் வாங்குவதைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுக்கிறான். அம்மா தற்கொலை செய்துகொள்கிறாள். வா என்று அழைத்த ஊரே சேனாபதியைத் திரும்பிப் போகச் சொல்கிறது. கார்ஃபீல்டு விரும்பிய மாதிரி, தண்டனை கொடுப்பவனின் மேல் கேள்வி எழுப்பும் இடம் இது. அரசு வேலைக்காரர் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கேள்வி உறைத்திருக்க வேண்டும். அந்த அப்பாவாகச் சமுத்திரக்கனி வரும் காட்சிகளில் தியேட்டர் கொஞ்சம் அடங்கியதும் உண்மை.

ஆனால் அது நிற்கவில்லை. முதல் படத்தில் சேனாபதி பெற்ற மகனைக் கொல்கிறார். அதற்கு முன் சந்துருவோடு நாம் இரண்டரை மணி நேரம் இருந்தோம். அவன் காதலித்ததைப் பார்த்தோம், அவன் திறமையை ரசித்தோம், தங்கையின் சாவுக்கு அப்பாதான் காரணம் என்று அவன் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருப்பதாக நினைத்தோம். அவன் கெஞ்சும்போது அவன் அம்மா பக்கம்தான் தியேட்டரில் பாதிப் பேர் இருந்தார்கள். இழப்பு சேனாபதியுடையது. ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் பாகத்தில் சேனாபதி இழப்பதற்கு எதுவுமில்லை. அவர் ஒளிபரப்பில் அறிவுரை சொல்கிறார், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் அப்பா அம்மாவை இழக்கிறார்கள். தாய்மார்கள் அவரிடமிருந்து விலகிய இடம் இதுதான். பார்த்துவிட்டு வந்தவர்கள் பலர் சேனாபதியை விட்டுவிட்டு அந்த அம்மாவைப் பற்றித்தான் பேசினார்கள்.

கொடுப்பவனைப் பற்றியும் படம் பேசத் தொடங்கியிருக்கலாம். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம், ஏழு வருடம் வரை சிறை. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். இந்த ஏழு நாள் விஷயம் நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? எஃப்சிக்குக் காசு கொடுத்த லாரி ஓனர், பிரசவ வார்டில் கொடுத்த தாய்மாமன், வேலைக்காகக் கொடுத்த அப்பா, இவர்கள் எல்லோரும் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். சேனாபதி திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் தியேட்டரில் சிரிப்பு வந்திருக்காது.

கமலின் அரசியலும் பார்வையாளர்களுக்கு நடுவில் நின்றது. 1996-ல் அவர் நடிகர் மட்டும். 2018-ல் கட்சி தொடங்கினார், 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திமுக கூட்டணிக்குப் பிரசாரம் செய்தார். அது அவர் உரிமை. ஆனால் எந்தக் கட்சியையும் சாராத கோபம்தான் சேனாபதியின் பலம். மேடையில் பார்த்த முகத்தைத் திரையில் பார்க்கும்போது, இந்தப் பக்கம் ஆட்கள் முதலில் அவர் யாரைக் குத்துகிறார் என்பதைவிட்டு யாரை விட்டுவிடுகிறார் என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைப் படத்தின் முடிவிலேயே காட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதை, இளமையான கமல், பெரிய போர்க்காட்சிகள். இரண்டாம் பாகத்தைத் திட்டிக்கொண்டே எழுந்தவர்கள்கூட நின்று அதைப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறதே என்றார்கள். எனக்கு வேறு ஆசை. வெள்ளைக்காரனை எதிர்ப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு முழு நாள் எஃப்சி மைதானத்தில் கேமராவை வைத்து, புது பெயின்ட் அடித்த லாரி ஒன்றைப் பின்தொடர்ந்து, அதன் பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் பேனாவைக் காட்டி, அந்த லாரியோடு தொப்பூர் இறக்கம் வரை வரட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அந்தப் படத்துக்கு முதல் காட்சியே நிறையும், லாரிக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள்.